அவள் தொட்டால் ஓடாது

புதிதாக கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரில் படம் வரவில்லையென்றால், பெரும்பாலும் கோளாறு கார்டில் இருக்காது. போட்ட ஆளிடம்தான் இருக்கும். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் வீட்டில் எத்தனையோ பெட்டிகளைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மானிட்டர் ஒயரைப் பழைய துளையிலேயே மாட்டிவைத்துக்கொண்டு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று குதிப்பார்கள். எல்லாரும் பெரிய பெரிய ஆபீசர்கள். நான் ஒயரை மாற்றி மாட்டிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வருவேன்.

உட்கார், வெங்கட்ராமா. அக்காவின் கம்ப்யூட்டரை விற்கலாம் என்று திறந்திருக்கிறாய். இந்த வெள்ளைப் பிளக் உன் கண்ணில் பட்டுவிட்டது. இப்போது அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு முறைக்கிறாய். முறைத்தால் ஒன்றும் புரியாது. நீ பாங்கில் செக் பாஸ் பண்ணுகிறவன். உனக்கும் புரியும்படி நிதானமாகச் சொல்கிறேன்.

அந்தக் கார்டை உன் அக்கா நாகலட்சுமி தானேதான் வாங்கினாள். 2003 துர்கா பூஜைக்குக் கொஞ்சம் முன்னால். சால்ட் லேக்கில் ஒரு அனிமேஷன் கம்பெனிக்காரன், வீட்டிலிருந்தே கொஞ்ச நாள் வேலை செய்து காட்டு, பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். அதற்குப் பெரிய கார்டு வேண்டுமாம். இங்கே சாந்த்னி சௌக் கம்ப்யூட்டர் கடையில் வாங்கி வந்து, குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டு, அட்டையில் போட்டிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே மாட்டியிருக்கிறாள். நான் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சிக்னல் இன்ஜினியர். ஊரே என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறது. என் வீட்டில் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏன்னா, வந்து பாருங்கோ, முதல் தடவையே வந்துடுத்து!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஸ்கிரீனில் ஒரு நீல மீன் நீந்திக்கொண்டிருந்தது. அவள் வரைந்தது. நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை மறைப்பானேன்.

அந்த மாதிரிக் கார்டுக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பிளக். உள்ளே பித்தளைக் குழல்கள் தெரிகின்றனவா? ஒன்றை மட்டும் ஒயரோடு சேர்த்துக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட்டால், வெளியே பார்க்கச் செருகினபடியே இருக்கும். கரண்ட் மட்டும் போகாது. ஸ்கிரீன் கறுப்பாகவே நிற்கும். காலையில் அவள் சமையல்கட்டில் இருக்கும்போது இழுத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவேன். சாயங்காலம் வந்து, பெட்டிக்குள் கையை விட்டு ஒயரை லேசாக அமுக்கிவிட்டு, பட்டனைத் தட்டுவேன். மீன் நீந்தும்.

பகலெல்லாம் அவள் படாத பாடு பட்டாள். கார்டைக் கழற்றி, அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் திரும்பப் போடுவாள். ஒரு நாள் பெட்டியையே டாக்சியில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். அன்றைக்கு நான் ஒயரை அமுக்கி அனுப்பியிருந்தேன். அங்கே போட்டதும் ஓடியது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது பௌதி என்று கடைக்காரன் அண்ணி முறை சொல்லிச் சிரித்திருக்கிறான். வீட்டுக்கு வந்து அழுதாள். "நான் எல்லாம் சரியாத்தானே பண்றேன்?" என்று கேட்டாள். "சரியாத்தான் பண்றே" என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனி.

கைராசி என்ற பேச்சை எடுத்தது நானில்லை. மாடி வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி. "சில பேர் கைக்கு ராசி கிடையாதுடி நாகு. உங்காத்துக்காரர் தொட்டா ஓடறது, நீ தொட்டா படுத்துக்கறது. விட்டுத் தொலையேன்." ரிடையரான ஹெட்மிஸ்ட்ரஸ். நம் ஜனங்களின் படிப்பு இந்த லட்சணத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை செய்கிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. நான் சிரித்தேன். நாகு சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே கம்பெனிக்காரனுக்குப் போன் பண்ணி, தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறாய். நன்றாக நடக்கிற ஒன்றை யார் நிறுத்துவார்கள்? அவள் முன்னைப்போல எதிர்த்துப் பேசுவதில்லை. எதற்கும் என்னைக் கேட்டாள். வீடு வீடாக இருந்தது. அவள் உறை ஊற்றி வைத்த பாலைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அவள் எழுந்திருக்குமுன் எடுத்து வெளியே வைத்தேன். தயிர் தோயவில்லை. தொட்டிச் செடியில் வெந்நீர் ஊற்றினேன். அற்ப விஷயங்கள்தான். மற்றதையெல்லாம் அவளே செய்துகொண்டாள். விளக்கேற்ற மாட்டேன் என்றாள். சாம்பாருக்கு உப்பு என்னைப் போடச் சொன்னாள். பிறகு குழந்தைக்குத் தலை பின்னுவதை விட்டாள். அதற்கும் மாமியைக் கூப்பிட ஆரம்பித்தாள். அவ்வளவு தூரம் போவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் போனபோது எனக்கு ஆச்சரியமாகவும் இல்லை.

அன்றைக்குக் குழந்தை ஸ்னேகாவுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். மத்தியானம் யார்டுக்குப் போன் வந்தது.

"ஏன்னா, குழந்தைக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடறது. வாயெல்லாம் வாந்தி. மாமி ஆத்துல இல்லை. நான் தூக்கட்டுமா?"

என் அனுமதியைக் கேட்டாள். தான் பெற்ற குழந்தையைத் தூக்க.

டாக்டர் உன்னிடமும் சொன்னாரே, ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்துவிட்டிருந்தாலே பிழைத்திருக்கும் என்று. அது எனக்குத் தெரியாததல்ல. ரயில்வேயில் எங்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்திருக்கிறார்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம், அவள் செய்திருப்பாள். நான் சொன்னால் எதையும் செய்கிற நிலையில்தான் இருந்தாள்.

நான் சொன்னது இதுதான்: "நீ தொடாதே. நான் வரேன்."

வித்யாசாகர் சேதுப் பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று வண்டிகளெல்லாம் தேங்கிவிட்டன. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கட்டில் ஓரமாக, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டு நின்றாள். குழந்தை மல்லாந்து கிடந்தது. உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது. "நான் தொடவே இல்லைன்னா" என்றாள். இப்போது உன் வீட்டிலும் அவள் சோற்றைக்கூடக் கையால் தொடுவதில்லை என்கிறாய். நீதான் ஊட்டிவிடுகிறாயாம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறாய்? யோசித்துப் பார்த்துவிட்டேன். பிளக்கை இழுத்துவிட்டவன் நான். பாலை ஃபிரிட்ஜில் வைத்தவனும் நான். அவள் கையில் ஒரு குறையும் கிடையாது என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை. ஆனால் இது குழந்தை விஷயம், வெங்கட்ராமா. இதில் போய் விஷப்பரீட்சை பண்ண முடியுமா? நாகு தொட்டு எது உருப்பட்டிருக்கிறது, நீயே சொல்.