பதினோரு வியாழக்கிழமை

வஹீதா: நில்லுங்க. துணியை வைக்காதீங்க.

கியாசுதீன்: தூசி தட்டத்தானே போறேன்.

வஹீதா: தட்ட வேணாம். மொதல்ல தண்ணி.

கியாசுதீன்: தண்ணி ஊத்துனா சேறாயிடும். காஞ்சதைத் துடைச்சிட்டு அப்புறம் ஊத்தணும். வீடு கழுவுறதே அப்படித்தானே.

வஹீதா: இது வீடு இல்லைங்க, கார். கடையில உப்புத்தாள் விக்கிறீங்களே, அதை எதுக்கு வாங்கிட்டுப் போறாங்க?

கியாசுதீன்: பழைய பெயிண்டைச் சுரண்ட.

வஹீதா: காஞ்ச தூசி மேல துணியை வெச்சுத் தேச்சா அதேதான். கடையில காசு குடுத்து வாங்கணும். இங்க சும்மா கிடைக்குது.

கியாசுதீன்: முப்பது வருஷமா ஹார்டுவேர் கடை நடத்துறவனுக்கு நீ பெயிண்ட் பாடம் எடுக்குற.

வஹீதா: பெயிண்ட் வித்தீங்க. கார் கழுவுனீங்களா? சொம்பை எடுங்க. மேல கூரையிலேர்ந்து ஊத்தணும். மெதுவா. தண்ணி தானா இறங்கிப் போகட்டும், கை வைக்காதீங்க.

கியாசுதீன்: கூரை எட்டலயே.

வஹீதா: ஸ்டூல் இருக்கு... வேணாம், அந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஏறாதீங்க. குடுங்க, நான் ஊத்துறேன். நீங்க வாளியில தண்ணி பிடிங்க.

கியாசுதீன்: சீக்கிரம் முடி. பத்து மணிக்கு அக்கா வர்றேன்னிருக்கா, பூ அலங்காரம் பண்றவரையும் கூட்டிட்டு. அளவு பாக்கணுமாம்.

வஹீதா: வரட்டும்.

கியாசுதீன்: வெயில் ஏறிட்டா கழுவ முடியாது. அதுக்கப்புறம் ஜும்ஆ தொழுகை வேற இருக்கு.

வஹீதா: அதான் கழுவிட்டு இருக்கேனே.

கியாசுதீன்: மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கழுவாதே. ஞாயித்துக்கிழமை ஒரு நாள். காலையில போனா சாயங்காலம் திரும்பிடும்.

வஹீதா: நான் ஒண்ணும் சொல்லலயே.

கியாசுதீன்: சொல்லாம இருக்கியே, அதுதான் பயமா இருக்கு.

வஹீதா: என்ன சொல்லணும்? மன்சூர் உங்க அக்கா மகன். நம்ம மக அஃப்ஷீனைக் கட்டியிருந்தவன். ஞாயித்துக்கிழமை வேற ஒருத்தியைக் கட்டப் போறான். அந்த மாப்பிள்ளை ஏறிப் போறதுக்கு நம்ம கார் வேணும். அது பளபளன்னு இருக்கணும். வேற என்ன இருக்கு சொல்ல?

கியாசுதீன்: அக்கா கேட்டா. எப்படி இல்லைங்கிறது? நம்ம பொண்ணு அவ வீட்டை விட்டு வந்தவ. சபையில தலை குனிஞ்சு நின்னவன் நான்.

வஹீதா: சரி. கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க. ஊறட்டும்.

கியாசுதீன்: இன்னும் என்ன ஊறணும்? தூசிதான் போயிடுச்சே.

வஹீதா: தூசி போயிடுச்சு. மஞ்சப் பொடி போகல. பாருங்க, கண்ணாடி பூரா ஒட்டிக்கிட்டு நிக்குது. பூவுலேர்ந்து விழுறது, மகரந்தம். ஊறுனாத்தான் விடும்.

கியாசுதீன்: காத்துல வந்திருக்கும்.

வஹீதா: பாலக்கரையில எங்கேர்ந்து வரும்? நம்ம தெருவுல கரண்டுக் கம்பம்தான் நிக்குது. அது பூக்கிறதில்ல.

கியாசுதீன்: லால்குடி ரோட்டுல மரம் இருக்கு. வியாழக்கிழமை வியாழக்கிழமை ஆர்டர் எடுக்கப் போறேன்ல...

வஹீதா: ஓடுற கார்ல இவ்வளவு படியாது. நிக்கணும். ஒரே மரத்தடியில ஒரு மணி நேரமாவது நிக்கணும். வைப்பர் இடுக்குல பாருங்க, பூவே கிடக்கு.

கியாசுதீன்: டீ குடிக்க நிப்பாட்டினேன்.

வஹீதா: ஒரு மணி நேரமா டீ குடிச்சீங்க.

கியாசுதீன்: சூடா இருந்துச்சு.

வஹீதா: ...சரி. இந்த வாளியில ஷாம்பூத் தண்ணி. அந்த வாளியில வெறும் தண்ணி. துணியை இதுல நனைச்சுத் துடைங்க. அதுல அலசிட்டு மறுபடியும் இதுல நனைங்க.

கியாசுதீன்: எதுக்கு ரெண்டு வாளி?

வஹீதா: எடுத்த மண்ணு திரும்பக் காருக்கே வரக் கூடாது. அழுத்தாதீங்க. வட்டமாச் சுத்தாதீங்க. நேரா இழுங்க, மேலேர்ந்து கீழ. டயர் பக்கம் கடைசி, அங்கதான் மண்ணு ஜாஸ்தி.

கியாசுதீன்: யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?

வஹீதா: புத்தூர்ல வாட்டர் வாஷ் வெச்சிருக்காரே பெஞ்சமின், அவருதான். போன வாரம் பானட்டைப் போன்ல படம் எடுத்துட்டுப் போய் அவர்கிட்டக் காட்டினேன்.

கியாசுதீன்: எதுக்கு?

வஹீதா: இந்தக் கீறல் எப்படி வந்துச்சுன்னு கேக்க. தெருப் பசங்க பந்து அடிச்சுட்டானுங்கன்னு சொன்னீங்க. பந்து பட்டா இப்படி வட்டம் வட்டமா வராதாம். யாரோ காஞ்ச துணியால அவசரமாத் துடைச்சிருக்காங்கன்னாரு. ஒரு தடவை இல்ல, பல தடவைன்னாரு. இப்படி வெளிச்சத்துக்கு நேராச் சாஞ்சு பாருங்க. தெரியுதா?

கியாசுதீன்: ...தெரியுது.

வஹீதா: கருநீலம்ல, நல்லாத் தெரியும். ஒவ்வொரு வட்டமும் உங்க கை அகலம் இருக்கு. அந்தப் பசங்களைப் போய்த் திட்டினீங்க, பாவம். ஒருத்தன் இன்னும் நம்ம வாசலைத் தாண்டும்போது ஓடுறான்.

கியாசுதீன்: கர்சீப்தான். திரும்பி வரும்போது மாம்பழச்சாலைகிட்ட ஓரங்கட்டி, ஆத்துப் பாலம் ஏறுறதுக்கு முன்னாடி துடைச்சிடுவேன். நேத்து மழை வர்ற மாதிரி இருந்துச்சு. மழையே கழுவிடும்னு விட்டுட்டேன். வரல.

வஹீதா: யாரு கண்ணுல படக் கூடாதுன்னு துடைச்சீங்க?

கியாசுதீன்: உன் கண்ணுலதான்.

வஹீதா: லால்குடி போறவரு இந்தப் பூவை ஏன் மறைக்கணும்?

கியாசுதீன்: துணியை அலசிட்டுத் தா.

வஹீதா: ஏங்க.

கியாசுதீன்: ஸ்ரீரங்கத்துல நின்னேன். போதுமா? அஃப்ஷீன் குடியிருக்கிற தெருவுல. அவ வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி எதிர்ல ஒரு மரம் இருக்கு. நிழலா இருந்துச்சு. அதுக்கடியில நின்னேன்.

வஹீதா: எத்தனை நாளா?

கியாசுதீன்: நேத்தோட பதினோரு வாரம்.

வஹீதா: இறங்கி மாடிக்குப் போனீங்களா?

கியாசுதீன்: எப்படிப் போறது? அக்கா முன்னாடி, ஜமாஅத் பெரியவங்க முன்னாடி சொன்னேன். அவ திரும்பிப் போய் மன்சூரோட வாழுற வரைக்கும் அவ வாசப்படியை மிதிக்க மாட்டேன், அவளும் என் வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு. மிதிக்கல நான். கார்லயே உக்காந்திருந்தேன். அந்தத் தெருவுல என் கால் தரையில படல.

வஹீதா: நல்ல சாமர்த்தியம்.

கியாசுதீன்: கேலி பண்ணாதே.

வஹீதா: கேலி இல்லைங்க... அவளைப் பாத்தீங்களா?

கியாசுதீன்: மொத வாரம் இருட்டுற வரைக்கும் இருந்தேன். வரல. ரெண்டாவது வாரத்துலேர்ந்து பாக்குறேன். அஞ்சே காலுக்குத் தெரு முனையில திரும்புவா. கண்ணாடிக் கடையில வேலை முடிஞ்சு வர்ற நேரம். தோள்ல பை. நடந்து வந்து கேட்டைத் தொறந்து படி ஏறிடுவா. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் நான் கிளம்பிடுவேன்.

வஹீதா: உங்களைப் பாக்கலயா?

கியாசுதீன்: ஒரு தடவைகூட நிமிந்து பாக்கல. தரையைப் பாத்துக்கிட்டே நடக்குறா. சின்னதுல அப்படி நடக்க மாட்டா.

வஹீதா: எப்படி இருக்கா?

கியாசுதீன்: இளைச்சிட்டா. எடது கையை மடக்கியே வெச்சிருக்கா. பையை வலது தோள்லதான் மாட்டுறா.

வஹீதா: எலும்பு சரியாக் கூடல.

கியாசுதீன்: உனக்கு எப்படித் தெரியும்?

வஹீதா: ...சார்ஜாவுல மன்சூரோட இருந்துட்டுக் கையில கட்டோட வந்து நின்னாளே, அன்னிக்கே தெரியல? விரலெல்லாம் வீங்கிக் கிடந்துச்சு. கதவு பாதிதான் தொறந்துச்சு. மீதியை நீங்க பிடிச்சுக்கிட்டு நின்னீங்க.

கியாசுதீன்: அவ மாடிப்படியில விழுந்துட்டான்னு அக்கா சொன்னா.

வஹீதா: அஃப்ஷீன் என்ன சொன்னா? மன்சூர் முறுக்கினான்னு சொன்னா. உங்களைப் பாத்துத்தான் சொன்னா. யாரை நம்பினீங்க?

கியாசுதீன்: அப்ப அக்காவைத்தான் நம்பினேன்.

வஹீதா: இப்ப?

கியாசுதீன்: விழுந்த கைக்கும் முறுக்கின கைக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? தினம் கடையில கம்பி வளைக்கிறதைப் பாக்குறேன்.

வஹீதா: ...அந்தப் பெரிய துண்டை எடுங்க. துவட்டாதீங்க. மேல விரிச்சுப் போட்டு, ஓரத்தைப் பிடிச்சு மெதுவா இழுங்க. தண்ணியை அதுவே குடிச்சிடும்.

கியாசுதீன்: இப்படியா?

வஹீதா: அப்படித்தான். ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. அவ திரும்பிப் போற வரைக்கும்னு சொன்னீங்க. அவ ஜமாஅத்ல முறைப்படி குலா வாங்கி அந்தக் கல்யாணத்தை அத்துக்கிட்டு வந்துட்டா. அவனும் இப்ப வேற நிக்காஹ் பண்றான். இனி அவ எங்க திரும்பிப் போறது? உங்க சொல்லு எப்பதான் முடியும்? மவுத்தாகிக் கண்ணை மூடுற வரைக்குமா?

கியாசுதீன்: எனக்கு மட்டும் தெரியாதா? அந்த மரத்தடியில வேற எதை நெனைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு நெனைக்கிற?

வஹீதா: போன் அடிக்குது. அக்காதான். கை ஈரமா இருக்கு, ஸ்பீக்கர்ல போடுறேன்.

ஜெஸிமா: தம்பி, கார் ரெடியா? பூக்காரர் பிலோமின்ராஜ் வந்துட்டாரு. கருநீலத்துக்கு வெள்ளைப் பூ எடுப்பா இருக்கும்னு சொல்றாரு. கிளம்பி வரட்டுமா?

கியாசுதீன்: அக்கா... கார் வேணாம்க்கா.

ஜெஸிமா: என்ன சொல்ற?

கியாசுதீன்: பெயிண்ட் பூரா கீறலா இருக்கு. நல்லா இருக்காது.

ஜெஸிமா: கீறலை யாரு பாக்கப் போறா? பூவைப் போட்டா மறைஞ்சிடும்.

கியாசுதீன்: மறைக்க வேணாம்க்கா. என் மக கையை முறுக்கினவன் என் கார்ல மாப்பிள்ளையா உக்கார வேணாம்.

ஜெஸிமா: ...அப்ப நவ்ஷாத் சொன்னது நெசம்தான்.

கியாசுதீன்: உன் மருமகன் என்ன சொன்னான்?

ஜெஸிமா: ஸ்ரீரங்கத்துல அவ வீட்டுக்கிட்ட உன் கார் நிக்குதுன்னு. ரெண்டு தடவை பாத்திருக்கான். என் தம்பி ஒண்ணு சொன்னா சொன்னதுதான், வேற யாரு காரையோ பாத்துட்டு வந்து உளறாதேன்னு அவனைச் சத்தம் போட்டேன்.

கியாசுதீன்: என் கார்தான். நின்னேன். இறங்கலக்கா.

ஜெஸிமா: அத்தா மவுத்தானப்ப உனக்கு நாலு வயசு. இடுப்புலேர்ந்து இறக்காம வளத்தேன். அதைச் சொல்லிக் காட்டினது இல்ல, இன்னிக்குச் சொல்றேன். கார் வேணாம், விடு. வேற கார் பாத்துக்கறேன். ஆனா புதுச் சம்பந்தக்காரங்க வர்ற எடத்துல, உன் தம்பியே அந்தப் பக்கம் சாஞ்சுட்டானாமேன்னு யாராவது கேட்டா, நான் என்ன பதில் சொல்லுவேன்? இனிமே அந்தத் தெருவுக்குப் போக மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல.

கியாசுதீன்: அழுவுறியாக்கா?

ஜெஸிமா: இல்ல.

கியாசுதீன்: அழாதே. அவளுக்கே நான் வர்றது தெரியாது. தெரியாமப் போனேன், தெரியாம நிறுத்திடறேன். அவளுக்கு ஒண்ணும் கொறையாது.

ஜெஸிமா: சத்தியமா?

கியாசுதீன்: அல்லாஹ் மேல...

வஹீதா: வேணாங்க. அதைச் சொல்லாதீங்க. அக்கா, அப்புறமா அவரே கூப்பிடுவாரு. வெச்சுடறேன்.

கியாசுதீன்: என்ன பண்ற நீ? பேசிட்டிருக்கும்போதே...

வஹீதா: ஒரு சத்தியத்தைப் பண்ணிட்டுப் பட்டது போதும். இன்னொண்ணு வேணாம்.

கியாசுதீன்: அக்கா கார் வேணாம்னு விட்டுட்டா. நானும் எதையாவது விடணும்ல? நான் போய்ப் பாக்குறேன், வர்றேன். அது எனக்கு மட்டும்தானே. அவ பாட்டுக்கு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றா.

வஹீதா: நான் செவ்வாக்கிழமை தர்காவுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போறேன்ல. போறதில்ல. ஸ்ரீரங்கம் பஸ் ஏறுறேன்.

கியாசுதீன்: ...நீயுமா?

வஹீதா: எட்டு மாசமா. மாடிக்கே போறேன். நான் யாருக்கும் சொல்லு குடுக்கல. அவளே சோறு போட்டுத் தர்றா, ஒரு கையால.

கியாசுதீன்: என்னைப் பத்தி... ஏதாவது கேட்டாளா?

வஹீதா: வியாழக்கிழமை அவ கடைக்கு லீவுங்க. மொத வாரம் நீங்க இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்துட்டுப் போனதை மாடி ஜன்னல்லேர்ந்து பாத்துட்டே நின்னிருக்கா. இறங்கி வந்தா நீங்க கிளம்பிடுவீங்களோ, அப்புறம் வரவே மாட்டீங்களோன்னு பயம். அதுலேர்ந்து வாராவாரம் வேலைக்குப் போற பையை மாட்டிக்கிட்டு, பின்பக்கமா இறங்கி, சந்து வழியாச் சுத்திப் போய், தெரு முனையிலேர்ந்து நடந்து வர்றா. நீங்க பாக்கணும்னு.