கடைசி ரேஸுக்கு முந்தியே

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் நாற்பது வயதுக்காரர்கள் இருவர் இருந்தார்கள். ஜன்னலோரத்தவர் மடியில் டிரைவிங் டெஸ்ட் காகிதங்கள்.

"இந்த சீசன் எனக்குப் போச்சு மக்கா. கடைசி ரேஸுக்கு முந்தியே சாம்பியன் யாருன்னு தீர்மானமாயிட்டு."

"நீ டிவில பாக்குத கார் ரேஸா?"

"இல்ல, எங்க வீட்டுக் காரியமாக்கும்."

"எலே, எல்லா ரேஸுலயும் இந்த வருஷம் சாம்பியன் யாருன்னு மனப்பாடமா சொல்லுவியே. இன்னைக்கு டெஸ்ட் என்னாச்சு?"

"பேரு சொன்னா இன்ஸ்பெக்டர் பாயிண்டு தரமாட்டாரு. இங்கிலீஷ் எச்சு மாதிரி நட்டிருக்க கம்பிக்கு நடுவுல ரிவர்ஸ் எடுத்தேன். கம்பி மறிஞ்சு விழுந்துது. இது நாலாமத்த பிராவசியம், முந்தி மூணு தடவ தோத்தாச்சு."

"ஒனக்க வீட்டுக்காரி?"

"முதல் டெஸ்ட்லயே பாஸு. அவளுக்கு ஒரு ரேஸ்காரனுக்க பேரும் தெரியாது, கேட்டியா? வளைவு எப்படி எடுக்கணும்னு அவளுக்கு கிளாஸ் எடுத்ததே நானாக்கும்."

"அடுத்த மாசம் ஒனக்கு இன்னொரு டெஸ்ட் உண்டே?"

"அதுல ஜெயிச்சாலும் பிரயோஜனம் இல்ல, பாயிண்டு எட்டாது. சாவி அவ கையில போயாச்சு. முன் சீட்டுல அவளுக்க அம்மை, ராலி கார் ரேஸுல வழி சொல்லுக கோ-டிரைவர் இருக்குத மாதிரி. எனக்கு பின் சீட்டு."

உதியன்குளங்கரையில் பஸ் நின்றது. எதிரே ஒரு சின்னக் கார் விடாமல் ஹார்ன் அடித்தது. அவர் காகிதங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வாறேன் மக்கா. சாம்பியன் விளிக்கா."