டீட்டரின் கிழக்கு ஆப்பிரிக்கா

படிக்கட்டில் இறங்கி ஓடுகிறோம். எல்லாக் கைபேசிகளும் ஒரே குரலில் அலறுகின்றன. முதல் வெடி வானத்தில். கதவை அறைந்தது போன்ற வறண்ட சத்தம். ஏவுகணையைத் தடுத்துவிட்டார்கள். தடுத்தாலும் துண்டுகள் விழும். எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் வாழ்ந்தவன். இந்த வளைகுடா நகரின் ஜெபல் அலித் துறைமுகத்தில் ஓய்வு பெறும்வரை அவசரகால விதிகள் எழுதியவன்.

"லிஃப்ட் வேணாம் சார்! கீழ போங்க!"

முருகேசன் கத்துகிறான். எங்கள் கட்டடத்தின் காவலாளி. பரமக்குடிக்காரன்.

அடித்தளக் கார் நிறுத்துமிடம். என் பக்கத்தில் டீட்டர். ஜெர்மன்காரர். அவரும் ஓய்வு பெற்றவர். நான் மகள் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்குச் சொந்த வீடு.

தவிக்கிறார். உயிருக்காக அல்ல. தன் பூட்டனாரின் படம் வெளியே காரில் இருக்கிறதாம். மஸ்கட்டுக்குப் புறப்படலாம் என்று முதலில் ஏற்றியது அதைத்தான்.

அந்தப் படத்தை அறிவேன். தேநீரோடு பலமுறை காட்டியிருக்கிறார். ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. குதிரைமேல் பூட்டனார். அவர் பெயர், பதவி, குதிரையின் பெயர்கூடக் கீழே உண்டு. பின்னால் தலைச்சுமையோடு ஒரு வரிசை ஆப்பிரிக்கர்கள். அவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சொல்: சுமைகாரர்கள்.

முப்பது ஆண்டு வைத்திருந்த பேரரசு. போய் நூறாண்டு தாண்டிவிட்டது. ஆங்கிலேயன் பறித்தான் என்று இன்னும் பொருமுகிறார். பூட்டனார் பெயரில் ஒரு தெரு இருந்ததாம். மாற்றிவிட்டார்களாம். சொல்லும்போது கண் கலங்குவார். எனக்குப் பொறாமை எரியும். அடுத்தவன் நாட்டை இழந்தவருக்குப் படம் இருக்கிறது, சட்டகம் இருக்கிறது, துக்கம் கேட்க ஆள் இருக்கிறது. என் வீடு எரிந்தபோது அப்பாவின் ஒரே படமும் எரிந்தது. எங்கள் தெருவுக்குப் பெயர் மாற்ற வேண்டியதில்லை. தெருவே இல்லை.

"முரு, ப்ளீஸ்!" சாவியை நீட்டுகிறார்.

"போகாதை தம்பி! அடுத்தது வருது!" நான் தடுக்கிறேன்.

"விதியெல்லாம் உங்களுக்குத்தான் அய்யா. என்மேல கம்ப்ளெயிண்ட் போச்சுன்னா வேலை காலி." சிரித்தபடி சாவியை வாங்கினான். "யல்லா, இந்தா வந்துர்றேன்."

இரண்டாம் வெடி. அருகில். பிறகு இரும்பு விழும் சீழ்க்கை. அந்தச் சத்தத்தை மறந்தவன் அல்ல நான்.

"குப்புறப் படு! படு!"

கார்கள் எல்லாம் ஒன்றாக ஊளையிட்டன.

சரிவுப் பாதையின் மேல்முனையில் கிடந்தான். சட்டகம் அவனுக்கு அடியில். கண்ணாடி நொறுங்கியிருந்தது. படத்தில் ஒரு கீறலும் இல்லை. எனக்கு அப்போதும் பொறாமை.

டீட்டர் அழுதார். அதையும் பதிகிறேன். முருகேசனின் முழுப் பெயரை என்னிடம் கேட்டார். அவரை அழைத்துப்போக அவருடைய அரசு விமானம் அனுப்பியது. படம் அவர் மடியில் போனது. முருகேசன் பிறகு போனான். சரக்குப் பிரிவில். ஆவணங்களை நானே சரிபார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

சேதமானவை: கார்கள் மூன்று, கண்ணாடி ஒன்று. இறந்தவர் ஒருவர்: சேதுராமன் மகன் முருகேசன்.