குறிப்புகளைத் தொலைத்தவர்கள் அக்காவுக்கு அளிக்கும் மடல்

வரிசையில் முடங்கிக் கிடந்த மடல்களுக்கு வழி திறந்தவரே, குப்பை மடல்களைக் குலைநடுங்க வைத்தவரே, இருபத்தாறு ஆண்டுகளாக இந்த அலுவலகத்தின் மின்னஞ்சல் சேவையகத்தைக் கண்ணும் கருத்துமாய்க் காத்தவரே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புக்குரிய அக்கா அவர்களே, வணக்கம்.

தங்கள் புகழை வரிசையாகப் பாடத்தான் உட்கார்ந்தோம். பொறுமை, புலமை, புன்னகை என்று மூன்று சொற்கள் எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எங்கள் குற்றத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் ஒப்பவில்லை.

சேவையக மென்பொருளின் புதிய பதிப்பு சென்ற மாதம் வந்ததை, தங்களை வழியனுப்பக் கூடியிருக்கும் இந்த அவை அறியும். சேவையகம் எப்படி நடக்க வேண்டும் என்று கட்டளையிடும் அமைப்புக் கோப்பின் முதல் வரியிலேயே பதிப்பு எண்ணை எழுதாவிட்டால் சேவையகம் எழுந்திருக்கவே மறுக்கும். பழகிய கட்டளைகளுக்கெல்லாம் புதுப் பெயர். பழைய பெயரில் கூப்பிட்டால் திரும்பியும் பாராது. கையேட்டை மூன்று முறை படித்தோம். முதல் முறை பாதி புரிந்தது. மூன்றாம் முறை அந்தப் பாதியும் போயிற்று.

நல்ல வேளையாக, பழைய கோப்பைத் தானே புதிய முறைக்கு மாற்றித் தரும் வசதி ஒன்று அதில் இருந்தது. தாங்கள் விடுப்பில் இருந்த நாளில், தங்களுக்கு வேலை மிச்சம் என்றெண்ணி அதை ஓட்டினோம். ஆயிரத்து நூறு வரிகள் நானூற்றுப் பன்னிரண்டாகச் சுருங்கின. கைதட்டினோம். தட்டி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது: ஒவ்வொரு வரிக்கும் மேலே, அது ஏன் இருக்கிறதென்று தாங்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் தாங்கள் கேட்டவை இரண்டே கேள்விகள்.

“நகல் எடுத்தீங்களா?”

“எடுத்தோம்க்கா.”

“எப்ப?”

“மாத்தி முடிச்சதும்.”

இடம் போதவில்லை என்று பழைய நகல்களை முந்திய வாரமே அழித்த புண்ணியவான்களும் நாங்களே. தாங்கள் திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பின் பொருளும் எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

நேற்று, ஒரே ஒருவர் தலைமை அதிகாரிக்கு அனுப்பும் மடலை மட்டும் ஏழு நிமிடம் நிறுத்தி வைக்கும் வரியொன்றைக் கண்டோம். பிழையென்று நீக்கப் போனோம். எழுந்து வந்து கையைப் பிடித்தீர்கள்.

“அதுல கை வைக்காதீங்கப்பா. அந்த மனுஷனுக்குக் கோபம் வந்தா ராஜினாமா எழுதி அனுப்பிடுவார். ஆறாவது நிமிஷம் மூச்சு வாங்கப் படியேறி வருவார், ‘அக்கா, அதைப் புடிச்சு வைங்க’ன்னு. அவர் கேட்டுத்தான் போட்டேன்.”

பதினோரு முறை வந்தாராம். அவரும் இந்த அவையில்தான் இருக்கிறார். யாரென்று சொல்ல மாட்டோம், திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். ஒரு குடும்பத்தின் சோற்றை ஒற்றை வரியில் தாங்கிப் பிடித்திருக்கிறீர்கள். இதையெல்லாம் நாங்கள் எந்தக் கையேட்டில் தேடுவது?

அந்த வரிக்கு மேலே புதிதாகக் குறிப்பு எழுதிவிட்டோம். திங்கட்கிழமை முதல் சேவையகம் எங்கள் கையில். மற்ற வரிகள் எதை, யாரைத் தாங்கி நிற்கின்றன என்று தெரியாததால், பயபக்தியோடு எதையும் தொடாமல் இருக்க முடிவு செய்திருக்கிறோம்.

நோயில்லா உடலும் நிறைவான மனமும் தங்களுக்கு வாய்க்கட்டும். எங்கள் வாழ்த்தில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. மாதத்துக்கு ஒரு வரி என்று கேட்டாலே எங்கள் சந்தேகம் தீர முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகும். அதற்கு ஒரு நாளும் குறையாமல் தாங்கள் நலமாக இருந்தாக வேண்டும்.

தெளிவு பெறக் காத்திருக்கும்,
மின்னஞ்சல் பிரிவினர்