நூற்றைம்பத்து மூன்றாம் துண்டு

கொழும்பு வெள்ளவத்தைச் சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்களுக்காக, பொலிஸ் நிலைய வாசலில் இலக்கத் துண்டுகளோடு நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர் தன் துண்டைப் பார்த்துச் சிரித்தார். அவர் கணக்கு மாஸ்டர் என்பது அதற்குள் வரிசைக்கே தெரிந்திருந்தது.

“அருமையான நம்பர், அக்கா. நூற்றைம்பத்து மூண்டு.”

அவருக்கு முன்னால் சோற்றுப் பார்சலோடு நின்ற ஓர் அம்மா திரும்பினார். “அதில என்ன அருமை, மாஸ்டர்?”

“ஒவ்வொரு இலக்கத்தையும் மூண்டு தரம் எழுதிப் பெருக்குங்கோ. ஒண்டு, நூற்றிருபத்தைஞ்சு, இருபத்தேழு. கூட்டினால் திரும்ப நூற்றைம்பத்து மூண்டு! அது மட்டுமில்லை. மூண்டால பிரிபடுற எந்த எண்ணையும் இப்பிடியே செய்துகொண்டு போனால், கடைசியில இதுக்குத்தான் வந்து சேரும். அப்பிடி ஒரு எண் சொல்லுங்கோ.”

“இருபத்தேழு. மகன்ர வயசு. உள்ளுக்கு வச்சிருக்கிறாங்கள்.”

மாஸ்டர் கையிலிருந்த பேப்பரின் ஓரத்தில் எழுதினார். முதலில் முந்நூற்றைம்பத்தொன்று. மறுபடி செய்ய, நூற்றைம்பத்து மூன்றேதான். கணக்கென்றால் ஓடுகிற எனக்கே புல்லரித்தது.

“கட்டாயம் வந்து சேருமோ?”

“தப்பாமல் வரும், அக்கா.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “அடுத்த மாசம் அவனுக்கு இருபத்தெட்டு.”

மாஸ்டர் மறுபடி எழுதினார். ஐந்து வரி போயிற்று. நூற்று முப்பத்து மூன்று இரண்டு தரம் வந்தது. இனி எத்தனை வரி எழுதினாலும் அதையேதான் சுற்றும், நூற்றைம்பத்து மூன்றுக்கு வராது. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அதுக்கு முதல் விட்டிருவாங்கள், அக்கா.”