பையன் வெளியே நிற்கிறான்

எங்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் பணி நிறைவு பெறும் இந்நாளில், ஆசிரியர் அறை எழுந்து நின்று வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

வணக்கத்திற்குரிய ஐயா!

வரவையும் செலவையும் ஒரே கோட்டின் இருபுறமும் வம்பில்லாமல் வாழவைத்த வணிகவியல் வேந்தே! கரும்பலகையில் கட்டம் வரைந்தால் அளவுகோலே கண்டு நாணும் கைவண்ணமே! கடைசி மணி அடித்த பின்னும் ‘ஒரே ஒரு நிமிஷம்’ என்று கேட்டு, அந்த ஒரு நிமிடத்தை ஊர்வலம்போல் இழுத்துச் செல்லும் உறுதியே! எதையும் முன்கூட்டியே செய், முன்கூட்டியே படி, முன்கூட்டியே புறப்படு என்று ஓயாமல் ஓதியதால், மாணவர் உலகம் அன்பு பாதி அச்சம் பாதியாக ‘முன்கூட்டி சார்’ என்று அழைக்கும் முந்தியெழும் ஞாயிறே!

உங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம். கூடவே எங்கள் பணிவான குழப்பம்.

குழப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாராட்டு மடலுக்கென்று ஒரு போக்கு இருக்கிறது. பணியாற்றிய ஆண்டுகளை எண்ண வேண்டும். பண்புகளை அடுக்க வேண்டும். போய் ஓய்வெடுங்கள் என்று கும்பிட்டு வழியனுப்ப வேண்டும். ஆண்டுகளை எண்ணத்தான் செய்தோம். முப்பதுக்கு மேல் வந்தது. சரியான எண்ணில் எழுத்தருக்கும் தலைமையாசிரியருக்கும் வழக்கு நடப்பதால் மேற்கொண்டு சொல்லவில்லை. பண்புகளில் தகராறு இல்லை. தகராறெல்லாம் வழியனுப்புவதில்தான். இன்று மாலை இந்தப் பள்ளியின் வாயிலைத் தாண்டும் நீங்கள் ஓய்வுக்குப் போகிறீர்களா, கல்லூரிக்குப் போகிறீர்களா? எங்களுக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. நாளையோடு சேர்க்கையை முடிக்கப்போகிற தாவரவியல் துறைக்கும் தெரியவில்லை.

மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்து, வெளியே மழை பிடித்துக்கொண்டதால் வேறு வழியின்றிப் பின்வரிசையில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த செல்வங்களே, உங்களுக்காக இதைச் சற்று விளக்குகிறோம். உங்கள் துணைத் தலைமையாசிரியருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விரிவுரையாளர் இடமில்லை. முதலாமாண்டு மாணவர் இடம். இளநிலைத் தாவரவியல். உங்களைப்போலவே விண்ணப்பித்தார், உங்களைப்போலவே வீட்டுக்குச் சொல்லாமல் விண்ணப்பித்தார்.

ஐயா! ஆண்டுதோறும் கல்லூரிக்குப் போகவிருக்கும் மாணவர்களை இதே அரங்கில் உட்காரவைத்து நீங்கள் ஆற்றும் அறிவுரைப் பேருரையை யாரால் மறக்க முடியும்? மறக்க முயன்றவர்கள் பலர். இம்மடலை எழுதும் தற்காலிக ஆசிரியன் உங்கள் பழைய மாணவன். ஆசிரியர் அறையிலேயே வயதில் இளையவன். கல்லூரித் தூசி இன்னும் சட்டையில் ஒட்டியிருப்பவன் என்பதால் பேனா இவன் கையில் திணிக்கப்பட்டது. உங்கள் அறிவுரையை அப்படியே பின்பற்றிய அரிய உயிர்களில் இவனும் ஒருவன்.

‘வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்கூட்டியே போய் உட்கார்’ என்றீர்கள். போனான். வகுப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த அம்மா இவனை மேலும் கீழும் பார்த்து, “யாருப்பா நீ? பெஞ்சு ரிப்பேருக்கா?” என்றார். ஆமாம் என்றிருந்தால் உள்ளேயாவது விட்டிருப்பார். ‘சந்தேகம் வந்தால் அந்தக் கணமே எழுந்து கேள்’ என்றீர்கள். கேட்டான். விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றார். அந்த அடுத்த வகுப்பு இவன் பட்டம் வாங்கும்வரை வரவில்லை. ‘பக்கத்தில் உட்கார்பவரிடம் நீயே முதலில் பேச்சுக்கொடு’ என்றீர்கள். கொடுத்தான். அது மட்டும் பலித்தது. அந்தப் பக்கத்து இருக்கைக்காரன் இன்றும் இவனுடைய உயிர்த்தோழன்; உங்களை இன்றும் திட்டிக்கொண்டிருக்கிறான், கால் மணி முன்கூட்டி வந்த ஒருவனிடம் மாட்டிக்கொண்டதற்காக.

இவ்வளவு உறுதியோடு கல்லூரியைப் பற்றிப் பேசியவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சென்ற வாரம்தான் வேதியியல் அம்மையார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த உண்மையைச் சொன்னார்.

“அவரு காலேஜ் பக்கமே போனதில்லப்பா. பதினெட்டு வயசுல வேற வேலைக்குப் போயிட்டாரு. பி.காம், எம்.காம், பி.எட் எல்லாமே தபால்ல.”

உடற்கல்வி ஆசிரியர் மெல்லக் கேட்டார்: “அப்போ கேன்டீனைப் பத்தி அரை மணி நேரம் பேசுவாரே?”

“அது கற்பனை.”

“லைப்ரரியில ஜன்னலோரம் உட்காருங்கன்னு சொல்வாரே?”

“அதுவும்தான்.”

ஐயா, எங்களுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பூட்டிய கதவின்முன் நின்றவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. பிறகு யோசித்தோம். யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடி, கோபம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார், முதல் ஆளாய்ப் போ, எழுந்து கேள், பக்கத்து இருக்கையோடு பேசு: எங்களுக்குச் சொன்ன அறிவுரைகளா இவை? இத்தனை ஆண்டுகளாக ஒரே ஒரு மாணவருக்காக அல்லவா நீங்கள் இவற்றைத் தயாரித்துக்கொண்டிருந்தீர்கள்! நாங்கள் வழியில் அமர்ந்திருந்ததால் எங்கள் காதிலும் விழுந்திருக்கிறது.

அந்த மாணவர் சென்ற திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனார். எழுத்தரின் இருசக்கர வண்டியின் பின்னால், மடித்த குடையோடு, முன்கூட்டியே. அங்கே நடந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எழுத்தரிடம் உறுதி வாங்கினீர்கள். அவரும் உறுதியளித்தார். பள்ளிக்குத் திரும்பி, வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் எங்கள் அனைவரிடமும் சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்காதீர்கள். அவர் சொல்லியிராவிட்டால் இம்மடலில் உங்களை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்போம்.

வாயிற்காவலர் உங்களைக் கண்டதும் சல்யூட் அடித்தாராம். வராந்தாவில் நின்ற பிள்ளைகள் வழிவிட்டு ஒதுங்கினார்களாம். யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்களாம். சேர்க்கைக் கவுண்டரில் இருந்த பெண் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, மிகுந்த மரியாதையோடு நிமிர்ந்து பார்த்து, “பையன் எங்க சார்?” என்று கேட்டிருக்கிறார்.

ஐந்தொகைக் கணக்கில் ஒரு காசு இடித்தாலும் கண்டுபிடித்துவிடும் நீங்கள், அந்தக் கேள்விக்கு, “வெளிய நிக்கிறான்” என்றீர்கள்.

“வரச் சொல்லுங்க சார். நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.”

வெளியே வந்தீர்கள். மரத்தடியில் நின்றீர்கள். உள்ளே போகிற பிள்ளைகளையும் அவர்கள் தோளில் தொங்குகிற பைகளையும் பார்த்தபடி நெடுநேரம் நின்றீர்கள். வண்டியோடு காத்திருந்த எழுத்தர் பொறுக்க மாட்டாமல் வந்து, “என்ன சார் ஆச்சு?” என்று கேட்டபோது, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “பையன் வரலைங்கிறான்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டீர்கள்.

ஐயா, இதைக் கேட்டு உடற்கல்வி ஆசிரியர் சிரித்தார். பிறகு விசிலை எடுத்துக்கொண்டு, விளையாட்டு வகுப்பே இல்லாத நேரத்தில், மைதானத்துக்குப் போய்விட்டார்.

வீட்டில்தான் தடையோ என்று ஐயுற்று எழுத்தர் உங்கள் துணைவியாருக்குத் தொலைபேசினார். “நான் எதுக்குங்க தடுக்கப்போறேன்?” என்றார் அவர். “ரிட்டயர் ஆயி வீட்டுல உட்கார்ந்து என் சமையலறைக்கு ஐந்தொகை போடுறதுக்கு, காலேஜ் போறதே மேல். ஒரே ஒரு கண்டிஷன். டிபன் பாக்ஸைக் கழுவிக் கொண்டு வரணும்.” இவ்வளவு எளிய நிபந்தனையோடு எங்களில் எவரும் கல்லூரிக்கு அனுப்பப்படவில்லை.

ஆக, தடுப்பவர் எவருமில்லை. உங்கள் நரையைத் தவிர. அறிவுரை சொல்லியே பழகிய உங்களுக்கு அறிவுரை சொல்ல முடிவெடுத்தோம். அதில் இன்னொரு குழப்பம் வந்தது. முதல் பெஞ்சில் உட்காருங்கள், காது தெளிவாகக் கேட்கும் என்றார் வேதியியல் அம்மையார். முதல் பெஞ்சு கூடவே கூடாது, சாக்பீஸ் எடுத்துவர அனுப்பிவிடுவார்கள் என்றார் உடற்கல்வி ஆசிரியர். நிறையக் குறிப்பெடுங்கள் என்றார் ஒருவர். குறிப்பே எடுக்காதீர்கள், எடுத்தால் மொத்த வகுப்பும் உங்கள் நோட்டைத்தான் கடன் கேட்கும் என்றார் இன்னொருவர். உங்களோடு அதே வகுப்பில் இடம் கிடைத்து, இப்போது பின்வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் மாணவியிடமும் கருத்துக் கேட்டோம்.

“சார் எங்க கிளாஸா? அப்போ நாங்க எப்படி காப்பி அடிக்கிறது, மிஸ்?”

“அவரைப் பார்த்தே அடிங்கடி” என்றார் வேதியியல் அம்மையார்.

கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட அறிவுரை கொஞ்சமே தேறியது. பின்வரிசைச் செல்வங்களுக்கும் ஆகும் என்பதால் சத்தமாகவே வாசிக்கிறோம். நீங்கள் நுழைந்ததும் வகுப்பு எழுந்து நிற்கும். பழக்கதோஷத்தில் கையமர்த்தி உட்காரச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பாடம் நடத்தாமல் வெளியே வர முடியாது. பேசாமல் காலி இடத்தைத் தேடிப்போய் உட்காருங்கள். அவர்களும் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். விரிவுரையாளர் உங்கள் மகன் வயதில் இருப்பார். அவருக்கு உங்களைவிட நடுக்கம் அதிகமாக இருக்கும். அவர் தப்பாகக் கூட்டினால் உடனே திருத்தாதீர்கள், ஒரு வாரம் போகட்டும். நுண்ணோக்கியில் முதல் தடவை எதுவும் தெரியாது. எல்லோரும் தெரிகிறது என்பார்கள். அவர்களுக்கும் தெரியாது; அவரவர் கண்ணிமை முடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தெரியவில்லை என்று சொல்கிற ஒரே ஆளாக நீங்கள் இருங்கள். அந்த வகுப்பே உங்களை வாழ்த்தும்.

தபாலில் கணக்கு வந்தது, வணிகச் சட்டம் வந்தது; இலையும் வேரும் ஆய்வுக்கூடமும் வரவில்லை. பக்கத்து இருக்கையும் வரவில்லை. அவற்றுக்காகவே போகிறீர்கள் என்று நாங்களாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். தவறாக இருந்தால் அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. வரமாட்டேன் என்கிற பையனை என்ன செய்வது? ஆண்டுதோறும் இதே கேள்வியோடு உங்கள் மேசைமுன் பெற்றோர் வந்து நிற்பார்கள். பையன் பயப்படுகிறான், படிக்க வெட்கப்படுகிறான், போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான் என்பார்கள். அவர்களிடம் நீங்கள் நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. “திட்டாதீங்க. கூடப் போய் விட்டுட்டு வாங்க” என்பீர்கள், அவ்வளவுதான்.

ஆகையால் இன்று காலை எழுத்தர் கல்லூரிக்குத் தொலைபேசினார். முதலாமாண்டு மாணவர் பாதுகாவலரோடு வரவேண்டும் என்றார்கள்.

“ஏம்மா, பாதுகாவலர் மாணவரைவிட வயசுல பெரியவரா இருக்கணுமா?”

“என்ன சார் கேள்வி இது?”

“சும்மா, ஒரு சந்தேகம்.”

சற்று நேரம் தாள் புரளும் ஓசை. “அப்படி ரூல் எதுவும் இல்ல சார்.”

எனவே மாண்பமை ஐயா, நாளைக் காலை தயாராக இருங்கள். முன்கூட்டியே வேண்டாம், சரியான நேரத்துக்கு இருந்தால் போதும். எழுத்தர் வண்டியோடு வருவார். வேதியியல் அம்மையார் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் ‘பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க’ என்று எழுதியிருக்கிறார், தலைமையாசிரியரும் ஒப்பமிட்டுவிட்டார். நீங்கள் பாதியில் திரும்பிவிடாமல் இருக்க உடற்கல்வி ஆசிரியர் வாயிலில் நிற்பார். இம்மடலை எழுதியவன் கவுண்டர்வரை வருவான். அங்கே நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மாணவர்கள் அந்த இடத்தில் பேசுவதில்லை. பக்கத்தில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நடப்பதற்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல. நீங்களும் மின்விசிறியைப் பாருங்கள். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

ஓய்வெடுங்கள் என்று எங்களால் வாழ்த்த முடியவில்லை, மன்னியுங்கள். மூன்றாண்டுகள் கட்டாயம் வாழ்க! பருவத்தேர்வு தவறாமல், அரியர் இல்லாமல், அடையாள அட்டை கழுத்தில் ஆட, ஆய்வுக்கூட அங்கி அழுக்காக, அனைவரோடும் அரட்டையடித்து வாழ்க! அதற்குமேல் எவ்வளவு காலம் என்பது உங்கள் விருப்பம். முதுகலையும் அங்கே இருப்பதாக எழுத்தர் சொல்கிறார்.

ஒப்பம்:
ஆசிரியர் அறை முழுவதும்
(மாணவருக்கு உறவு முறை: பாதுகாவலர்)