லேடீஸ் சீட்டில் இருந்த ஃபைல்

ஒட்டுக்கேட்கும் ஆசையில், இறங்க வேண்டிய குமணன்சாவடியைக் கோட்டைவிட்ட முட்டாள் நான். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு நண்பர்கள்.

“கொற என்கிட்டதான் மச்சான். ஒடலுறவுல தொத்துற வைரஸாம். கொழந்த இல்லாததுக்கு அதுவும் காரணமா இருக்கலாமாம். அவளுக்கும் டெஸ்ட் எடுக்கணும்னாரு டாக்டர்.”

“ஊட்ல சொன்னியா?”

“எப்டி சொல்றது? அஞ்சு வருசமா அவளத்தான கோயில் கோயிலா சுத்த வெச்சேன்.”

“ரிப்போர்ட் எங்க?”

“தோ, அந்தாண்ட லேடீஸ் சீட்ல, அவ மடியிலதான். இங்கிலீஷ்ல கீது. அவளுக்கு இன்னா புரியப்போவுது?”

நசரத்பேட்டையில் இறங்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. “ஃபைல் பத்திரம்மா” என்றேன் அந்தப் பெண்ணிடம்.

“படிச்சிட்டேன்ணா. அவரு வாயால வரட்டும்னு கீறேன்.”